ஊசிப் பங்கு

மூட்டை விழுந்தால் யாரும் வாய் திறக்கக் கூடாது. தனசேகரன் மண்டியில் சுமை தூக்குகிறவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம். விழ விட்டவரை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். ஒருத்தன் பீடியைத் தேடுவான். ஒருத்தன் கொக்கியைத் துடைப்பான். பலகைக்குக் கீழே முறைக்குக் காத்திருப்பவன் கள்ளக்குறிச்சி வானத்தில் மழை இருக்கிறதா என்று பார்ப்பான், அது கொளுத்துகிற வெயிலாக இருந்தாலும். விழ விட்டவரே மறுபடி தூக்கிக்கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் அவரே வந்து சொல்ல வேண்டும், இனிமேல் என்னால் ஆகாது என்று. அடுத்தவர் அதைச் சொல்லிவிடக் கூடாது.

மார்கழிக் கடைசியில் ஒரு நாள் செல்லமுத்து மூட்டையைக் கீழே விட்டார்.

நூறு கிலோ மக்காச்சோளம். லாரிக்குச் சாய்த்திருந்த பலகையில் பாதி ஏறியிருந்தார். வலது முழங்கால் சொல்லாமல் கொள்ளாமல் மடங்கியது. மூட்டை புரண்டு களத்தில் விழுந்தது. தையல் பிரிந்து மஞ்சள் மணிகள் லாரி டயர் வரைக்கும் ஓடின.

எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அஜித் மட்டும் பார்த்தான். அவன் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"இன்னா பெரீப்பா, நடு வழில தூக்கம் வந்துருச்சா?"

மேஸ்திரி பாரதி அவன் பிடரியில் ஒன்று போட்டான்.

"அடிக்காத மேஸ்திரி. பெரீப்பாவ கூட வுடு. தையல பாரு, பல்லு போன வாயாட்டம் இருக்குது. ராமன் தாத்தா தச்சது."

எடை மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராமன் காதில் விழாதது மாதிரி அடுத்த மூட்டையின் வாயைத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணால் பார்த்துத் தைக்கிற காலம் அவருக்குப் போய்விட்டது. விரல்தான் பார்த்தது.

செல்லமுத்து சிந்தினதைக் கூட்டி அள்ளினார். தீபாவளிக்கு முன்னால் முதல் தடவை விழுந்தபோது, பலகை ஈரம் என்று சொல்லிக்கொண்டார். அன்றைக்கு மழை பெய்திருந்தது. இன்றைக்குப் பலகை காய்ந்து கிடந்தது.

அந்த மண்டியில் சுமைக்காரர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஏற்றி இறக்கிய மூட்டைக்குக் கூலி. சாயங்காலம் மேஸ்திரி அதை வாங்கி ஆளுக்கு ஒரு பங்காகப் பிரிப்பான். தூக்க முடியாமல் போன ஒருவருக்கும் அதில் பங்கு உண்டு. அவர் கோணியை விரித்து உட்கார்ந்து, எடை போட்ட மூட்டைகளின் வாயைத் தைப்பார். இரண்டு மூலையிலும் பிடிப்பதற்குக் காது விட்டு நடுவில் தைக்க வேண்டும். அதற்கு ஊசிப் பங்கு என்று பேர். தூக்குகிறவனுக்கு எவ்வளவோ அவ்வளவே ஊசிக்காரருக்கும். தைக்கிற வேலைக்கு அது ஜாஸ்திதான், எல்லோருக்கும் தெரியும். அது தையலுக்குக் கொடுக்கிற கூலி இல்லை. காலமெல்லாம் மற்றவர்களோடு தூக்கினவருக்கு மற்றவர்கள் தூக்கிப் போடுகிறார்கள். செல்லமுத்து மீசை முளைக்காத வயதில் மண்டிக்கு வந்தவர். முதலில் எலவனாசூர்கோட்டைக்காரர் ஒருவருக்குத் தூக்கினார். அவருக்குப் பிறகு, மலையிலிருந்து வந்து கூடவே தூக்கிய ராமனுக்குத் தூக்கிக்கொண்டிருக்கிறார். ராமனுக்கு அடுத்தது செல்லமுத்து. யாரும் இதை எழுதி வைக்கவில்லை, யாரும் மறுத்ததும் இல்லை.

முன்பு ஒரு முறை பி.எஃப். விஷயமாக ஓர் அதிகாரி வந்தார். தனசேகரன் கல்லாவிலிருந்து எழுந்து நின்று, "இவங்க எங்கிட்ட வேல செய்றவங்க இல்லீங்க சார். தனி கும்பல். அவங்களையே கேளுங்க" என்றார். அதிகாரி களத்துக்கு வந்து கேட்டார். கூலியில் கொஞ்சம் பிடிப்பார்கள், முதலாளியும் கொஞ்சம் போடுவார், வயசான பிறகு பென்ஷன் வரும் என்று பொறுமையாகத்தான் சொன்னார். பிடிப்பார்கள் என்ற வார்த்தைக்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. செல்லமுத்து அப்போது எடுத்தெறிந்து பேசுகிற வயதில் இருந்தார். ஒரு மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"எங்களுக்கு ஒன்னியும் புடிக்காதீங்க சார். எங்களுக்கு ஊசி இருக்குது."

கும்பல் முழுக்கச் சிரித்தது. அதிகாரிக்குப் புரியவில்லை. அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

அன்று களத்தில் இருபது பேர் இருந்தார்கள். பிறகு சின்னசேலம் பக்கம் பெரிய கோழித்தீவனக் கம்பெனிக்காரர்கள் வயலிலேயே வந்து சோளத்தை வாங்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறினார்கள். இப்போது தூக்குகிறவர்கள் ஏழு பேர்.

மூட்டை விழுந்த சாயங்காலம், டீக்கடையில் செல்லமுத்து பாரதியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"முட்டி கேக்கல பாரதி."

பாரதி கிளாஸைக் கீழே வைத்தான். சொல்ல வேண்டியவர் சொல்லிவிட்டார். இனி அவன் பேசலாம்.

"தெரியுது மாமா. நான் இன்னா பண்ணட்டும் சொல்லு. ஏழு பேரு முதுவுல ஒருத்தர் ஒக்காரலாம். நீயும் ஒக்காந்தா தூக்கறது ஆறு பேரு, ஒக்காந்துகினு இருக்கறது ரெண்டு பேரு. பசங்க நாளைக்கே ஓடிருவானுங்க."

"ராமண்ணனுக்குத்தான் கண்ணு தெரியலியே."

"அத்த அவருதான சொல்லணும்? நீ வந்து சொன்னியே, அந்த மாதிரி அவரு வாயால வரணும். நானா போயி எறங்குன்னு சொன்னா நாளைக்கி எனுக்கும் எவனாச்சும் சொல்லுவான்."

டீக்கு செல்லமுத்து காசை எடுத்தார். பாரதி விடவில்லை.

பொங்கலுக்கு ராமன் மலைக்குப் போனார். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். வருஷா வருஷம் போகிறவர்தான், கரிநாள் முடிந்து இறங்கிவிடுவார். இந்த வருஷம் வரவில்லை. சோளம் வந்து குவிகிற நேரம். தைக்க ஆள் வேண்டும். "அவரு வர்ற வரிக்கும் மாமா ஒக்காரட்டும்" என்றான் பாரதி.

செல்லமுத்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்தால் களம் இவ்வளவு பெரியதாகத் தெரியும் என்று அவர் நினைத்ததில்லை. முதுகில் மூட்டையோடு பார்த்தவருக்கு இத்தனை நாளும் தெரிந்தது பலகையும் முன்னால் போகிறவனின் குதிகாலும்தான். இப்போது வேப்பமரம் தெரிந்தது. ரோட்டில் போகிற பஸ்ஸின் போர்டைப் படிக்க முடிந்தது. சணலை இழுத்துப் பல்லால் கடித்து முடிச்சுப் போடும்போது, நடுவில் ஒரு வார்த்தை பேச முடிந்தது. பேசினார். கூட வேலை செய்தவர்களே ஆச்சரியப்பட்டார்கள்.

"மாமனுக்கு மாப்ள முறுக்கு வந்துருச்சிடா" என்றான் ஒருத்தன்.

வீட்டில் கொளஞ்சியம்மாள் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதை நிறுத்தினாள். வீக்கம் வடிந்திருந்தது. அவள் காட்டுவேலைக்குப் போகிறவள். யோசிக்கிறதை வாயால்தான் யோசிப்பாள்.

"அந்தாளு இனிமே வர மாட்டாருன்னு வையி, நமக்கு நல்லதுதான?"

"வாய மூடு."

"நான் இன்னா அவரு சாவணும்னா சொன்னன்? மலையில நல்ல காத்து. பொண்டாட்டி கையால சோறு. இருந்துக்கட்டுமேன்னேன்."

மலையிலிருந்து வருகிற கச்சிராயபாளையம் பஸ் தினமும் காலையில் வந்து நிற்கும்போது செல்லமுத்துவும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ராமன் இறங்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஊசியில் சணல் கோத்தார்.

அஜித்துக்கு வேறு கேள்வி இருந்தது. சாயங்காலம் பங்கு பிரிக்கும்போது கேட்டுவிட்டான்.

"மேஸ்திரி, தப்பா எடுத்துக்காத. நான் இவங்களுக்குத் தூக்கறன், சரி. எனுக்கு யாரு தூக்குவாங்க?"

"வர்றவன் தூக்குவான்."

"எவன் வருவான்? எனுக்கு அப்பால எவனாச்சும் வந்து சேந்தானா? எந்தங்கச்சி புருசனயே கூப்ட்டன். மூட்ட தூக்கறதுக்கா பன்னெண்டாவது படிச்சேன்னு கேக்கறான். கடசியா நான் ஒருத்தன் நின்னுகினு இருப்பேன், நீங்க ஆறு பேரும் வரிசையா ஊசி வச்சிக்கினு ஒக்காந்துகினு இருப்பீங்க."

ஒருவன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். பாரதி பணத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

மறுநாள் பாரதி, யாராவது மலைக்குப் போய் ராமனைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றான். வருகிறாரா, இல்லையா, ஒன்று தெரிய வேண்டும். போன் போட்டால் மலையில் சிக்னல் கிடைப்பதில்லை. செல்லமுத்து தானே போவதாகச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு ரொட்டி பாக்கெட்டும் வாங்கினார். வெள்ளிமலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வளைவுகளில் பஸ் திணறி ஏறும்போது, என்ன கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். 'உடம்பு எப்டிண்ணே இருக்குது?' அது சரி. அதற்கு அடுத்த வார்த்தை வரவில்லை. 'இங்கியே இருந்துக்கலாமில்ல?' என்பது கொளஞ்சியம்மாள் குரலில் கேட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்ததில் முழங்கால் மறுபடி கனத்தது. ராமன் வீட்டு வாசலில் அவர் மனைவி சாலம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் காட்சிக்கு மண்டி ஆட்கள் வந்தபோது பார்த்த முகம் என்று உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"வா தம்பி. கண்ணு ஆப்ரேசன் ஆயிருக்குது, அதான் வரல. கேம்புல வந்து கூட்டிக்கினு போனாங்க."

ராமன் உள்ளேயிருந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். நடை நன்றாக இருந்தது. முகம்கூடக் கொஞ்சம் சதை போட்டிருந்தது.

"செல்லமுத்து, நீ மஞ்சா சட்ட போட்டுருக்க."

"ஆமாண்ணே."

"பாக்கெட்டாண்ட கிழிஞ்சிருக்குது."

"ஆமாண்ணே."

"தெரியுது பாத்தியா?" சிரித்தார். கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே போய் மாடத்திலிருந்து ஒரு கோணி ஊசியையும் சணலையும் எடுத்து வந்தார். மலைக்குக்கூட ஊசியைக் கொண்டு வந்திருந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரே தடவையில் சணலைக் கோத்துக் காட்டினார். கயிறே நுழைகிற காது அது. ஆனாலும் செல்லமுத்து, "ஒரே போடுண்ணே" என்றார்.

"டாக்டரு தூசி ஆவாதுன்னாரு. அதான் கொஞ்ச நாளு தள்ளிப் போட்டேன். அடுத்த வாரம் வந்துருவேன்னு பாரதிகிட்ட சொல்லு."

சாலம்மாள் முறத்தை வைத்துவிட்டு வந்தாள். "வேணாம், இங்கியே இருன்னுதான் தம்பி நானும் சொல்றேன். கேக்கணுமே. சாமையும் கெழங்கும் வவுத்துக்கு ஆச்சி. எண்ணெ மருந்துக்கு எங்க போறதுன்றாரு. அதுவும் நாயந்தான். கையில காசுன்னு பாக்கறது அந்த ஊசியிலதான்."

செல்லமுத்து பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார். ராமன் வாங்கவில்லை. சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலவனாசூர்கோட்டக்காரரு படுத்துருந்தப்ப நானும் போயிருந்தேன்" என்றார். "நானும் வாழப்பழந்தான் வாங்கிக்கினு போனேன். பச்சப்பழம். வாசல்ல நின்னுக்கினு, நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாத்தேன்."

செல்லமுத்துவின் கை நீட்டினபடியே இருந்தது. சாலம்மாள்தான் பழத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"முட்டியா?" என்றார் ராமன்.

"ரெண்டு வாட்டி வுட்டுட்டேன்."

"பாத்தேன். பாத்தேன்னா, சத்தம் கேட்டேன்."

வெயில் வாசலைவிட்டு நகர்ந்தது. கீழே மரவள்ளிக் காட்டில் யாரோ ஆட்டை விரட்டினார்கள். சோறு ஆயிற்று. சாமைச் சோறு, கீரை. சாப்பிட்டுக் கை கழுவும்போது ராமன் சொன்னார்.

"பாதி பாதி வச்சிக்கலாம்."

"இன்னாதுண்ணே?"

"ஊசிய. வாரத்துல பாதி நாளு நான் ஒக்கார்றேன். பாதி நாளு நீ ஒக்காரு. பங்கு ஒன்னுதான. பாரதி இன்னா சொல்லப் போறான்?"

"பாதியில இன்னா வரும்?" என்று உள்ளேயிருந்து சாலம்மாள் கேட்டாள்.

"பாதி வரும்" என்றார் ராமன்.

செல்லமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது, நெஞ்சில் இத்தனை நாள் அடைத்திருந்தது கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. பாதியில் இரண்டு பேர் பிழைக்க முடியுமா என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. யோசிப்பதற்குக் கொளஞ்சியம்மாள் இருக்கிறாள்.

அடுத்த வாரம் வரை ராமன் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே, கண்ணாடியும் தலையில் துண்டுமாகக் கூடவே புறப்பட்டார். பஸ்ஸில் இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள். ராமன் வாரத்தின் முன்பாதி. அப்போதுதான் வெள்ளிமலைச் சந்தைக்கு வீட்டில் இருக்கலாம். செல்லமுத்துவுக்குப் பின்பாதி. நோம்பு நொடி வந்தால் மாற்றிக்கொள்ளலாம். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது இரண்டு பேருமே பணத்தை எடுத்து, நான் நீ என்று தள்ளுமுள்ளு செய்தார்கள்.

மண்டி வாசலுக்கு வந்ததும் ஒரு சத்தம் கேட்டது. வண்டு மாதிரி ஒரு ரீங்காரம், உடனே நின்றது. மறுபடி கேட்டது.

எடை மெஷினுக்கு மேலே உத்தரத்திலிருந்து ஒரு தையல் மெஷினைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். மரவள்ளிக்கிழங்கு அளவுதான் இருந்தது. அஜித் எடை போட்ட மூட்டையின் வாயை இரண்டு கையாலும் சேர்த்து அதில் கொடுத்தான். ஒரு மூச்சில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தைத்துவிட்டது. காது எதுவும் விடவில்லை. வாய் ஒரே நேர்கோடாக மூடிக்கொண்டது. பிறகு அவனே குனிந்து முதுகைக் கொடுத்து அந்த மூட்டையை வாங்கிக்கொண்டு பலகைக்குப் போனான். அடுத்தவன் வந்தான். அவனும் அப்படியே செய்தான்.

ராமனின் கோணியை மடித்துச் சுவரோரம் வைத்திருந்தார்கள்.

"வா ராமா, கண்ணு நல்லாயிடுச்சா?" தனசேகரன் கல்லாவிலிருந்து கையை உயர்த்தினார். "பாத்தியா, புதுசு. தச்சது பிரிஞ்சி பிரிஞ்சி லோடு போற எடத்துல ஒரே பேச்சு. என் சொந்தக் காசு. கும்பலுக்கு ஒரு பைசா செலவு வைக்கல."

ராமன் மெஷினைக் கிட்டப் போய்ப் பார்த்தார். அவருக்கு இப்போது எல்லாம் தெரிந்தது.

"நல்லாத்தான் இருக்குது" என்றார். பிறகு பாரதியிடம் திரும்பினார். "அப்ப ஊசி?"

பாரதி தரையைப் பார்த்தான். செல்லமுத்து, அவன் பேசுவதற்கு முன்னால் பேசிவிட வேண்டும் என்று அவசரப்பட்டார்.

"நாங்க ரெண்டு பேரும் பேசிக்கினு வந்துட்டோம் பாரதி. உங்களுக்கு ஒன்னும் தொந்தரவில்ல. ஒரே பங்குதான். அவரு பாதி, நான் பாதி."

"மாமா, நான் ஒன்னும் கேக்கல. நேத்து நீ மலைக்குப் போனதும் முதலாளியே கொண்டாந்து மாட்டிட்டாரு." பாரதியின் குரல் இறங்கியது. "நேத்து சாயங்காலம் ஆறாப் பிரிச்சேன். தூக்கனது ஆறு பேருதான. ஏழாப் பிரிக்கிறதுக்கு ஆறாப் பிரிச்சா கையில கொஞ்சம் ஜாஸ்தி நிக்குது. பசங்க பாத்துட்டானுங்க. இனிமே எப்படி நான்..."

முடிக்கவில்லை. முதலாளியைக் கேட்கச் சொல்லலாம். தனசேகரன், அது உங்கள் கும்பல் விஷயம் என்பார். கும்பலைக் கேட்டால், மெஷின் முதலாளி வாங்கினது என்பார்கள். செல்லமுத்து இரண்டையும் மனதுக்குள் கேட்டுப் பார்த்துவிட்டார். இரண்டு இடத்திலும் யாரும் கோபமாகப் பேசவில்லை. யாரையாவது திட்டலாம் என்றால் அதற்கும் ஆள் இல்லை.

"தனி ஆளே வேணாம் பெரீப்பா இதுக்கு" என்றான் அஜித், வேலையை நிறுத்தாமல். கேலி இல்லை. விளக்கம்தான் சொன்னான். "தூக்கறவனே வாய காட்டிட்டு தூக்கிக்கினு போயிடலாம்."

ராமன் சுவரோரம் போய்த் தன் கோணியை எடுத்தார். உதறினார். வழக்கமாக விரிக்கிற இடத்தில் விரித்து உட்கார்ந்தார். மடியிலிருந்து ஊசியை எடுத்துச் சணலைக் கோத்தார். அவரை யாரும் எழுப்பவில்லை. மூட்டைகள் அவரைச் சுற்றிக்கொண்டு மெஷினுக்குப் போயின.

செல்லமுத்து கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மஞ்சள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சாக்கைத் தலையோடு முதுகில் போட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.

அவர் முறை வந்தது. குனிந்தார். இரண்டு பேர் தூக்கி முதுகில் வைத்தார்கள். கை பழக்கத்தில் பின்னால் போய்க் காதைத் தேடியது. காது இல்லை. வழுக்கிக்கொண்டு போகிற சாக்கைத்தான் விரல்கள் கவ்விப் பிடித்தன. பலகையில் கால் வைத்தார். முன்னால் போகிறவனின் குதிகால் தெரிந்தது. களம் மறுபடி சின்னதாகிவிட்டது.

பாதியில் முழங்கால் மடங்கியது.

மூட்டை களத்தில் சத்தத்தோடு விழுந்தது. தையல் பிரியவில்லை. ஒரு மணிகூடச் சிந்தவில்லை. கூட்டி அள்ளுவதற்கு ஒன்றும் இல்லாததால், செல்லமுத்து பலகையின் நடுவில் சும்மா நிற்க வேண்டியிருந்தது.

இனிமேல் என்னால் ஆகாது என்று அவர் சொல்லலாம். முன்பே ஒரு முறை சொல்லியாயிற்று. மறுபடி சொன்னால், அதற்குக் கொடுப்பதற்கு இங்கே யாரிடமும் எதுவும் இல்லை.

பாரதி கொக்கியைத் துடைத்தான். ஒருத்தன் மடியில் பீடியைத் தேடினான். ராமன் புதுக் கண்ணை மடியிலிருந்த ஊசியின் மேல் வைத்திருந்தார். செல்லமுத்து அஜித்தைப் பார்த்தார். அவனாவது ஏதாவது சொல்வான், தூக்கம் வந்துருச்சா என்றாவது கேட்பான் என்று காத்திருந்தார்.

அஜித் தலையை நிமிர்த்தி வானத்தில் மழை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.